தினமும் கல்லூரியில் சேருகிறவர்கள்

(ஆரணியில், கல்லூரி முதலாண்டு மாணவர்களும் பெற்றோரும் கூடியிருந்த அவையில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

சுவரோரம் நிற்கிற பிள்ளைகளே, முன்வரிசையில் நாற்காலிகள் காலியாகத்தான் இருக்கின்றன, வந்து உட்காருங்கள்.

கல்லூரி வாழ்க்கைக்குப் பழகிக்கொள்வது பற்றிப் பேசச் சொன்னார்கள். இதைப் பற்றி வெளிநாட்டில் எழுதிய புத்தகங்கள் சிலவற்றைப் புரட்டிப் பார்த்தேன். பெரும்பாலும் விடுதி அறையில்தான் தொடங்குகின்றன. அம்மாவும் அப்பாவும் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் காரில் திரும்பிப் போகிறார்கள். பிள்ளைக்கு வீட்டு நினைப்பு. அறைத்தோழன் ராத்திரி முழுக்க விளக்கை அணைப்பதில்லை. இதையெல்லாம் எப்படிச் சமாளிப்பது என்று அத்தியாயம் அத்தியாயமாக யோசனை சொல்கிறார்கள். நல்ல யோசனைகள்தான். ஆனால் ஆரணிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு விடுதி அறை?

இங்கே இருப்பவர்களில் சிலர் இரும்பேட்டுக் கல்லூரிக்குப் போகிறீர்கள். சிலர் தச்சூரில் இருக்கும் அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரிக்கு. செய்யாறு அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரிக்குப் போகிறவர்கள் இருக்கிறீர்கள். வேலூர் முத்துரங்கம் கல்லூரி, ஊரிசு கல்லூரி என்று வடக்கே போகிறவர்களும், திருவண்ணாமலைக்குத் தெற்கே போகிறவர்களும் உண்டு. ஒண்ணுபுரத்துப் பிள்ளைகளுக்கு ஊரிலேயே ரயில் நிலையம் இருக்கிறது. நமக்கு 'ஆரணி ரோடு' என்று பெயர் வைத்துக் களம்பூரில் ஒன்றைக் கட்டிவைத்திருக்கிறார்கள், ரயில் பிடிக்கவே பஸ் பிடிக்க வேண்டும். எந்த வழியில் போனாலும் சாயங்காலம் வீடு வந்துவிடுகிறீர்கள். பட்டு நெய்கிற ஊர் இது, வீட்டில் தறி ஓடிக்கொண்டிருக்கிறது. பையை மாட்டுவதற்குள் அப்பா குரல் கொடுக்கிறார்: "நூல் தார் தீந்துபோச்சு, ரெண்டு சுத்திக் குடுத்துட்டுப் போம்மா."

விடுதிப் பிள்ளை ஒரே ஒரு தடவைதான் கல்லூரியில் சேர வேண்டும். கஷ்டப்பட்டாவது ஒரு மாதத்தில் அந்த வேலை முடிந்துவிடும். நம் பிள்ளையோ காலையில் கல்லூரியில் சேர்ந்து, மாலையில் அங்கிருந்து விலகி, தறி வீட்டில் சேர்ந்து, மறுநாள் காலை மறுபடியும் கல்லூரியில் சேர வேண்டும். மூன்று வருடமும் இதே கதை. பொறியியல் என்றால் நான்கு வருடம். வீட்டுப் பேச்சு வேறு, வகுப்புப் பேச்சு வேறு. வீட்டில் இருக்கும் கஷ்டம் கல்லூரிக்குத் தெரியாது, கல்லூரியில் இருக்கும் கஷ்டம் வீட்டுக்குத் தெரியாது. இன்று நான் பேச வந்தது இந்தப் போக்குவரத்தைப் பற்றித்தான்.

2021-22-ம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாடு முழுவதற்கும் நூற்றுக்கு 28.4. தமிழ்நாட்டுக்கு 47. பெருமைப்பட வேண்டிய எண். அதை இந்த அளவுக்கு உயர்த்தியதில் விடுதிகளைவிட டவுன் பஸ்ஸுக்குப் பங்கு அதிகம் என்பது என் அபிப்பிராயம். சின்ன ஊர்களின் பக்கத்தில் கல்லூரிகள் வந்தன, பஸ் வந்தது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றும் ஆயிற்று. அனுப்பலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த வீடுகள் அனுப்பிவிட்டன.

வின்சென்ட் டின்டோ என்ற அமெரிக்கப் பேராசிரியர், மாணவர்கள் ஏன் கல்லூரியைப் பாதியில் விடுகிறார்கள் என்று ஆயுள் முழுக்க ஆராய்ந்தவர். 1975-ல் அவர் எழுதிய கட்டுரையை இன்றைக்கும் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். படிப்பிலும் சரி, கூட்டாளிகளிடத்திலும் சரி, ஒட்டிக்கொண்ட மாணவன் நிலைக்கிறான், ஒட்டாதவன் போய்விடுகிறான் என்றார். பிற்பாடு, பழங்குடிச் சடங்குகளை ஆராய்ந்த வான் கெனெப் என்பவரின் கருத்தையும் இதோடு சேர்த்துக்கொண்டார். பூப்பு, திருமணம் போன்ற சடங்குகளில் பழைய கூட்டத்தைவிட்டுப் பிரிவது ஒரு கட்டம், இடையில் தவிப்பது ஒரு கட்டம், புதிய கூட்டத்தில் சேருவது ஒரு கட்டம் அல்லவா? கல்லூரியில் சேருவதும் அப்படித்தான் என்றார். அப்படியானால் முதலில் வீட்டைவிட்டுப் பிரிந்தாக வேண்டும்!

வில்லியம் டியர்னி என்ற இன்னொருவர் 1992-ல் இதை மறுத்தார். தன் இனத்தாரோடும் வீட்டோடும் நெருங்கி வாழ்கிற பிள்ளையிடம், அதை அறுத்துக்கொண்டு வந்தால்தான் தேறுவாய் என்று சொல்வது என்ன நியாயம் என்று கேட்டார். நான் டியர்னி கட்சி.

இந்த ஊரில் ஏன் அந்தக் கட்சி என்று சொல்கிறேன். தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாட்டு நூல், நெய்து தீர்ந்ததும் என்ன செய்கிறோம்? பழைய பாவை அச்சிலிருந்தும் விழுதிலிருந்தும் உருவிப் போட்டுவிட்டு, புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் முதலிலிருந்து கோப்பதில்லை. பழைய பாவின் நுனியை அப்படியே விட்டுவைத்து, அதன் ஒவ்வோர் இழையோடும் புதுப் பாவின் ஓர் இழையை, விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு முறுக்கிச் சேர்க்கிறோம். ஆயிரக்கணக்கான இழை. பெண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டே சேர்க்கிறார்கள். அப்புறம் மெதுவாக இழுத்தால் பழைய இழை புது இழையை விழுதுக்குள்ளும் அச்சுக்குள்ளும் கூட்டிக்கொண்டு போய்விடுகிறது. தறிக்காரர் வீட்டுப் பிள்ளை கல்லூரிக்குப் போவதும் இப்படி நடக்கிற காரியமாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

சேருவது என்று சொன்னால் போதாது, சேர்த்துவிட ஆள் வேண்டும். சேர்த்துவிடுகிற வீட்டுக்கு அதனால் ஒரு செலவும் உண்டு, அங்கேதான் வீட்டுக் கணக்கு வருகிறது. அதைக் கொஞ்சம் வெளிப்படையாகப் பேசுவோம்.

உடம்பு ஒரு நிறம், இரண்டு பக்கமும் கரை வேறு நிறம் என்றால் அது கோர்வைச் சேலை. ஊடை நூலைக் கொண்டுபோகிற நாடா மூன்று ஓட வேண்டும். நெய்கிறவர் ஒருவரால் முடியாது, கரை நாடாவை வாங்கிக் கொடுக்கப் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார வேண்டும். அந்த இடத்தில் சின்னக் குழந்தைகள் உட்கார்ந்திருந்த காலம் ஒன்று காஞ்சிபுரத்திலும் இருந்தது, இந்த ஊரிலும் இருந்தது. இங்கே இருக்கிற பெரியவர்கள் சிலர் அப்படி உட்கார்ந்தவர்கள்தான், வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். குழந்தைகள் பள்ளிக்கூடம் போனார்கள். அந்த இடத்துக்கு வீட்டுப் பெண்கள் வந்தார்கள். அம்மாவுக்கு முடியாத நாளில் பன்னிரண்டாவது முடித்த மகள். இப்போது மகள் கல்லூரிக்குப் போய்விட்டாள். கூலிக்கு ஆள் வைத்தால் அந்தக் கூலி அப்பாவின் கூலியிலிருந்துதான் போக வேண்டும். ஆள் வைக்காவிட்டால் கோர்வை வேண்டாம் என்று சாதாப் புடவைக்கு இறங்க வேண்டும், அதற்குக் கூலி குறைவு. ஆக, கல்லூரியில் கட்டுகிற பணம் மட்டும் படிப்புச் செலவில்லை. தறியில் காலியான இடமும் படிப்புச் செலவுதான். எந்தக் கல்லூரியின் கட்டண அட்டவணையிலும் அது இருக்காது.

அரசாங்கம் இதில் ஒரு பகுதியைப் புரிந்துகொண்டிருக்கிறது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் முன்பு திருமண உதவித் திட்டம் இருந்தது, தாலிக்குத் தங்கம் என்போமே, அதுதான். 2022-ல் அதைத்தான் உயர்கல்விக்கு மாற்றினார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 5-ம் தேதி 'புதுமைப் பெண்' தொடங்கியது. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு, பட்டம் முடிக்கும்வரை மாதம் 1,000 ரூபாய், அவள் பெயரில் இருக்கும் கணக்கிலேயே. பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் 'தமிழ்ப் புதல்வன்' வந்தது. புதுமைப் பெண் திட்டத்தை அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் அந்த ஆண்டின் கடைசியில் விரிவாக்கினார்கள். பெற்றோரே, ஒரு விண்ணப்பம். அந்த ஆயிரம் ரூபாயை வீட்டுக் கணக்கில் வரவு வைக்காதீர்கள். ஜெராக்ஸ் எடுக்க, ரெக்கார்டு நோட்டு வாங்க, மத்தியானம் ஒரு டீ குடிக்க அவள் கையில் காசு இருக்க வேண்டும். தோழிகளோடு கேன்டீன் வரைக்கும் போக முடியாத பிள்ளை வகுப்பிலும் ஓரமாகத்தான் உட்காரும்.

நான் கணக்கு வாத்தியார். ஒரு கணக்கு போடாமல் இறங்க மாட்டேன்.

நமது கலை, அறிவியல் கல்லூரிகளில் ஒரு பருவத்துக்குச் சுமார் 90 வேலை நாள். தேர்வு எழுத நூற்றுக்கு 75 வருகை வேண்டும், அதாவது 68 நாள். மீதி 22. 'இருபத்திரண்டு நாளா! தாராளம்' என்று தோன்றும். வாரம் ஐந்து நாள் கல்லூரி என்றால் 90 நாள் என்பது 18 வாரம். வாரத்தில் ஒரே ஒரு நாள், 'இன்னைக்கு மட்டும் தறியில உட்காரும்மா, சேலையை அறுத்துக் கொண்டுபோய்க் கொடுக்கணும்' என்றால் 18 நாள் போயிற்று. மிச்சம் நான்கு. அந்த நான்கில் ஒரு காய்ச்சல், மாமா வீட்டுக் கல்யாணம், ஒரு திருவிழா, இவ்வளவும் அடங்க வேண்டும். அடங்காது. பருவக் கடைசியில் பிள்ளை ஹால் டிக்கெட்டுக்கு நிற்கும்போது, அபராதம் கட்டு என்பார்கள், இல்லை அடுத்த பருவம் எழுது என்பார்கள். வீட்டில், 'ஒழுங்காத்தானே போய்க்கிட்டிருந்தே' என்பார்கள். இரண்டு பக்கமும் உண்மைதான் சொல்கிறார்கள். வாரம் ஒரு நாள் என்பதை யாரும் பதினெட்டால் பெருக்கவில்லை, அவ்வளவுதான். எந்த மாதத்தில் வேலை நெருக்கும் என்று தறிக்காரருக்குத் தெரியும். தீபாவளிக்கு முந்திய வாரங்கள், முகூர்த்த மாதங்களுக்கு முந்திய வாரங்கள். கல்லூரி நாட்காட்டியை வாங்கித் தறிக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டுங்கள். இரண்டு நாட்காட்டியும் ஒரே சுவரில் இருக்கட்டும்.

அடுத்தது, கல்லூரி வாய்விட்டுச் சொல்லாத விதிகள். பள்ளிக்கூடத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். இந்தக் கேள்வி வரும், இதைப் படி, இந்த ஒரு மார்க் கேள்விகளை எழுதிப் பார். மாலையில் தனி வகுப்பு வைத்து மறுபடியும் சொல்வார்கள். கல்லூரியில் பாடத்திட்டம் ஒன்று இருக்கும், ஐந்து அலகு இருக்கும், ஆசிரியர் மூன்றாவது அலகிலிருந்துகூடத் தொடங்குவார். யாரும் ஒன்றும் சொல்வதில்லையே என்று பிள்ளை காத்துக்கொண்டே இருக்கும். பிள்ளை கேட்கும் என்று ஆசிரியரும் காத்துக்கொண்டிருப்பார். இதற்குள் முதல் உள்தேர்வு வந்துவிடும்.

அந்த உள்தேர்வை ஒரு சின்ன விஷயமாகத்தான் பிள்ளைகள் நினைக்கின்றன. நமது திருவள்ளுவர் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் இளநிலைப் பட்டப் பாடம் ஒன்றுக்கு 100 மதிப்பெண் என்றால் 25 உள்மதிப்பீடு, 75 பருவத் தேர்வு. தேற 40 வேண்டும், பருவத் தேர்வில் மட்டும் தனியாக 30 வாங்கியாக வேண்டும். உள்மதிப்பீட்டில் 20 வைத்திருக்கிற பிள்ளை பயமில்லாமல் உள்ளே போகும். 5 வைத்திருக்கிற பிள்ளைக்கு 30 வாங்கினாலும் போதாது, 35 வேண்டும். அங்கேதான் அரியர் விழுகிறது. அதுவும் முதல் பருவத்தில் விழும் அரியர் கெட்ட சகவாசம் மாதிரி, இரண்டாம் பருவத்துக்கும் கூடவே வரும். முதல் வாரத்திலேயே பாடத்திட்டத்தை வாங்குங்கள். மூத்த மாணவர்களிடம் பழைய வினாத்தாள் வாங்குங்கள். உள்மதிப்பெண்ணை எப்படிப் பிரித்துப் போடுவீர்கள் என்று ஆசிரியரிடமே கேளுங்கள். கேட்டால் தப்பாக நினைப்பாரோ என்று தயங்க வேண்டாம். நாற்பது வருடம் நாற்காலியின் அந்தப் பக்கம் இருந்தவன் சொல்கிறேன், கேட்கிற பிள்ளையின் பெயர்தான் எங்களுக்கு முதலில் மனசில் நிற்கும்.

ஆங்கிலம் பற்றிப் பேசாவிட்டால் வெளியே விட மாட்டீர்கள். தமிழ் வழியில் பட்டப் படிப்பு என்பதை 1960-ல் கோவை அரசு கலைக் கல்லூரியில் சோதனையாகத் தொடங்கினார்கள். 2010-ல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டுமானவியலையும் இயந்திரவியலையும் தமிழில் தந்தது. வழி இருக்கிறது. ஆனாலும் இன்றைக்குத் தறி வீட்டுப் பிள்ளை எடுக்கிற பி.காம்., கணினி, பொறியியல் வகுப்புகளில் பெரும்பாலானவை ஆங்கிலம். பன்னிரண்டாவதில் 'அணி' என்று நன்றாகப் புரிந்து படித்த கணக்கு இங்கே 'மேட்ரிக்ஸ்' என்று வந்து நிற்கிறது. பிள்ளை அதைப் புதுப் பாடம் என்று நினைத்துப் பயப்படுகிறது. முதல் மாதம் செய்ய வேண்டிய வேலை இதுதான்: ஒரு நோட்டின் நடுவில் கோடு போட்டு, இந்தப் பக்கம் தமிழ்ச் சொல், அந்தப் பக்கம் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில், பக்கத்தில் ஆங்கில எழுத்தில். பழைய பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகங்களைப் பேப்பர்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள். முதலாண்டுப் பாடத்தில் கணிசமான பகுதி அதற்குள்தான் இருக்கிறது.

முதலாண்டில் தோற்றவர்களில் பெரிய பெயர் ஒன்று உண்டு. கும்பகோணத்தில் புடவைக் கடை கணக்கர் ஒருவரின் மகன். 1904-ல் அந்த ஊர் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கைத் தவிர எதையும் படிக்கவில்லை. ஆங்கிலக் கட்டுரையில் தோற்றார், உதவித்தொகை போயிற்று. 1905-ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். 1906-ல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து அங்கும் எஃப்.ஏ. என்ற அந்தக் காலத்து இடைநிலைத் தேர்வில் தேறவில்லை. சீனிவாச ராமானுஜன்தான். இந்தக் கதையை எல்லோரும் 'தோற்றாலும் மேதை ஆகலாம்' என்று சொல்லத்தான் எடுக்கிறார்கள். எனக்கு அதில் இஷ்டமில்லை. உதவித்தொகை போனபோது அந்தப் பையனை அழைத்து உட்காரவைத்து, இந்த ஒரு பாடத்தை மட்டும் தேறிவிடு என்று வழி சொல்லி, கூட இருந்து தேற்றிவிட ஓர் ஆள் அமையவில்லை. 1913-ல், அவர் எழுதிய கடிதத்துக்குக் கேம்பிரிட்ஜிலிருந்து கணித அறிஞர் ஹார்டியின் பதில் வந்து காப்பாற்றியது. ஹார்டி எல்லோருக்கும் கடிதம் எழுத மாட்டார். நம் பிள்ளைகளுக்கு ஹார்டி வேண்டாம், முதல் பருவத்தில் ஆங்கிலத் தாளுக்குத் துணை நிற்கிற ஓர் ஆசிரியர் போதும்.

எப்படிப் படிப்பது என்பதற்கு ஒன்றே ஒன்று மட்டும் சொல்கிறேன். பையன்கள் ஐந்து வண்ண மார்க்கர் வைத்துக்கொண்டு புத்தகத்தைத் தீட்டுகிறார்கள். அதைவிட நல்ல வழி இருக்கிறது. 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிகி என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களிடம் ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரு முறை படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு நினைவில் இருந்தது நூற்றுக்கு 40, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. தறிச் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து நான்கு முறை படிப்பதைவிட, பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு இன்றைய வகுப்பில் என்ன சொன்னார் என்று நினைத்துப் பார்ப்பது மேல். ஜன்னல் சீட் கிடைக்காவிட்டால்கூடச் செய்யலாம்.

படிக்க இடம் என்பதும் பெரிய விஷயம்தான். முன் அறை முழுக்கத் தறி. பலகை அடிக்கிற சத்தம் இரவு ஒன்பது வரை. ஆகவே மூன்றரைக்கு வகுப்பு விட்டதும் முதல் பஸ்ஸுக்கு ஓடாமல் ஒரு மணி நேரம் நூலகத்தில் இருந்துவிட்டு அடுத்த பஸ்ஸில் வரட்டும். 'எங்கே போனே?' என்று கேட்காதீர்கள். பெண் பிள்ளை என்றால் முதல் வாரம் அம்மாவே ஒருநாள் கூடப் போய் அந்த நூலகத்தைப் பார்த்துவிட்டு வந்தால் அப்புறம் அந்தக் கேள்விக்கே அவசியம் இருக்காது.

இப்போது மனசில் இருக்கிற சங்கடத்துக்கு வருவோம். முதல் மாதம் எல்லாப் பிள்ளைக்கும் தோன்றும், மற்ற எல்லோருக்கும் புரிகிறது, எனக்கு மட்டும்தான் புரியவில்லை என்று. இதை வைத்து வால்டன், கோஹன் என்ற இருவர் அமெரிக்காவில் செய்த ஆய்வு 2011-ல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. முதலாண்டு மாணவர்களை ஒரு மணி நேரம் உட்காரவைத்து, மூத்த மாணவர்கள் சொன்னதைப் படிக்கக் கொடுத்தார்கள்: 'எங்களுக்கும் ஆரம்பத்தில் இப்படித்தான் இருந்தது, பிறகு சரியாகிவிட்டது.' படித்தவர்களை அதைத் தங்கள் சொல்லில் எழுதச் சொன்னார்கள். அவ்வளவுதான். அதன்பின் மூன்று ஆண்டுகளில் கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்து, வெள்ளை மாணவர்களோடு இருந்த இடைவெளி பாதியாகக் குறைந்தது. ஒரு மணி நேரம்! நம் கல்லூரிகளில் முதல் வாரம் அறிமுக விழா என்று வைத்து, எல்லாத் துறைத் தலைவர்களும் வரிசையாகப் பேசுகிறார்கள். அதில் ஒரு மணி நேரத்தைக் கழித்து, போன வருடம் இதே பஸ்ஸில் வந்த ஓர் அக்காவைப் பேசவிட்டால் என்ன?

மூத்த மாணவர் என்றதும் பெற்றோர் சிலர் முகம் மாறுகிறது. நியாயம். 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் முதலாண்டு படித்த நாவரசு, மூத்த மாணவன் ஒருவனால் கொல்லப்பட்டதை இந்த மாநிலம் மறக்காது. அந்த ஆண்டே அவசரச் சட்டம், 1997-ல் ராகிங் தடைச் சட்டம். இரண்டு ஆண்டு வரை சிறை, கல்லூரியைவிட்டு நீக்கம். 2009-ல் யு.ஜி.சி. விதிமுறைகளும் வந்தன. சேரும்போது நீங்கள் கையெழுத்துப் போட்ட உறுதிமொழிப் படிவம் அதிலிருந்து வந்ததுதான். படிக்காமல் போட்டிருப்பீர்கள், வீட்டுக்குப் போய்ப் படியுங்கள். எவனாவது வரம்பு மீறினால் அன்றைக்கே சொல்லுங்கள். துறைத் தலைவரிடம், இல்லையென்றால் 1800-180-5522. மனசு மிகவும் கனத்துத் தூக்கம் கெட்டால் 14416, அரசு நடத்துகிற இலவச ஆலோசனை எண். இந்த இரண்டையும் இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள், நான் காத்திருக்கிறேன்.

சரி. இனி ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வார்த்தை, சிலர் பின்வரிசையில் இருப்பது தெரிகிறது.

கணினி அறிவியல் முதல் அலகில் கணினியின் வரலாறு வரும். ஜக்கார்டு என்ற பிரெஞ்சுக்காரர் 1804-ல் துளையிட்ட அட்டைகளால் தறியை ஓட்டினார், அந்த யோசனையைத்தான் பாபேஜ் தன் கணக்கிடும் இயந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார் என்று இரண்டு வரி சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். அந்த வகுப்பிலேயே ஒரு பிள்ளையின் வீட்டுத் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி தொங்குகிறது. அட்டையில் துளை இருந்தால் கொக்கி என்ன ஆகும், இல்லாவிட்டால் என்ன ஆகும், ஓர் அட்டை மாறிப் போனால் அன்னத்தின் கழுத்து எப்படிக் கோணும் என்று அந்தப் பிள்ளைக்குப் பத்து வயதிலேயே தெரியும். இரண்டே நிலை, துளை உண்டு அல்லது இல்லை. இருமம் என்று நாம் மூன்று வகுப்பு எடுக்கிற விஷயம் அது. ஆனால் அந்தப் பிள்ளை கை தூக்காது. தறி வீடு என்று தெரிந்துவிடுமே என்ற கூச்சம். நாமும் 'யார் வீட்டில் தறி இருக்கிறது?' என்று கேட்பதில்லை. கேளுங்கள். முடிந்தால் ஒரு சனிக்கிழமை வகுப்பையே அத்திமலைப்பட்டுக்கோ தேவிகாபுரத்துக்கோ கூட்டிப்போங்கள். வணிகவியல் வகுப்புக்கும் இங்கே வேலை இருக்கிறது. புவிசார் குறியீடு வாங்கிய ஆரணிப் பட்டின் விலையில் நெய்தவருக்கு எவ்வளவு, ஜரிகைக்கு எவ்வளவு, கடைக்கு எவ்வளவு என்று ஒரு பிள்ளை தன் அப்பாவிடம் கேட்டு எழுதினால், அதைவிட நல்ல அடக்கவிலைக் கணக்கு எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? அந்த அப்பாவிடம் கல்லூரி முதன்முறையாக ஒரு விஷயம் கேட்டதாகவும் இருக்கும்.

பெற்றோரிடம் கேட்க இன்னும் ஒன்றுதான் பாக்கி. இரவு சாப்பிடும்போது 'எத்தனை மார்க்?' என்று கேட்கிறீர்கள். உள்தேர்வு நடந்தால்தான் மார்க், மற்ற நாளில் பிள்ளைக்குப் பதில் இருக்காது. 'இன்னைக்கு என்ன நடத்தினாங்க?' என்று கேட்டுப் பாருங்கள். உங்களுக்குப் புரியாவிட்டால் பரவாயில்லை. சொல்லிப் பார்ப்பதால் அந்தப் பிள்ளைக்குப் பாடம் நிற்கும், நூற்றுக்கு 61 என்று சற்று முன் சொன்னேனே. உங்களுக்கும் அது எந்த உலகத்துக்குப் போய்வருகிறது என்று கொஞ்சம் தெரியும். முதல் நாள் முகத்தைச் சுளிக்கும், 'உனக்குப் புரியாதும்மா' என்று சொல்லும். விடாதீர்கள், மறுநாளும் கேளுங்கள்.

என் நேரம் முடிந்துவிட்டது, மணியடிக்கக் கையை ஓங்கிவிட்டார்கள். கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். செய்யாறு பஸ்ஸுக்குப் போக வேண்டியவர்கள் முதலில் கேளுங்கள். ஊருக்குள்ளேயே இருக்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம். இந்தப் பக்கத்தில் பச்சைச் சுடிதார் போட்டிருக்கிற பிள்ளை கையைத் தூக்கிவிட்டு இறக்கிவிட்டது. நீயே தொடங்கம்மா.